வலப்பக்கம் நின்றவர்

அவளுக்கு முப்பத்துநாலு வயது முடிந்துவிட்டது. பத்திரிகைக்காரர்களுக்கு மட்டும் அவள் இன்னும் 'அதிசயக் குழந்தை'தான். அந்தப் பட்டத்தை இறக்கிவைக்க விடாமல் பார்த்துக்கொண்டவர் அவளைப் பெற்ற அப்பா.

ஆறு வயதில் ஒரு காய்ச்சல் வந்தது. போகும்போது இரண்டு கால்களையும் கூடவே கொண்டுபோனது. அப்பா அப்போது ஒரு கோல்ஃப் மைதானத்தில் புல்லுக்குத் தண்ணீர் பாய்ச்சும் பம்பு அறையில் வேலை பார்த்தார். விழுந்தாலும் அடிபடாத தரை அந்தப் புல்தான் என்று மகளை அங்கே தூக்கிவந்து நடக்கப் பழக்கினார். ஊன்றிக்கொள்ள, யாரோ எறிந்துவிட்டுப் போன மட்டை. வலது கால் ரொம்ப மோசம். விழுந்தால் வலப்பக்கம்தான் சாய்வாள். அதனால் அப்பா எப்போதும் வலப்பக்கமே நின்றார். ஊன்றிய மட்டையால் ஒருநாள் கீழே கிடந்த பந்தைத் தட்டினாள். அதற்குப் பிறகு நடந்ததை அப்பாவிடம் கேட்டால் போதும், உட்காரவைத்துச் சொல்லுவார். எழுந்து போகத்தான் விடமாட்டார்.

அத்தனையும் நிஜம்தான். ஆனால் அந்தக் கதையில் அம்மா வரமாட்டாள். விடியுமுன் எழுந்து மகளின் காலை நீவி, மடக்கி, நீட்டி, பள்ளிக்கூடம்வரை இடுப்பில் சுமந்துபோய் விட்டவள் அம்மா. அப்பா சொல்லச் சொல்ல அவள் தேய்ந்து, கடைசியில் "வீட்ல ரொம்ப அழுதாங்க" என்ற ஒற்றை வரியாகிப்போனாள்.

தொழில்முறை கோல்ஃப் ஆடும் மகளுக்கு இந்த ஆண்டு ஆட்டம் சரியில்லை. பத்து வருடமாக அவளுடைய மட்டைப் பையைத் தூக்கியவன், ஜெயிக்கிற வேறொருத்தியைத் தேடிப் போய்விட்டான். கப்பல் முழுகினால் எலிகூடத்தான் குதிக்கும், அவனைச் சொல்லிக் குற்றமில்லை. "நான் தூக்கறேன்" என்று அப்பா கிளம்பிவிட்டார். சேதி கேட்டு அம்மா போனில் வெடித்தாள்.

"பை தூக்க உலகத்துல வேற ஆளே கிடைக்கலையா? போயும் போயும் அவரா?"

"ஆசைப்படறாரும்மா."

"ஆசைப்படட்டும். கேமராவைப் பார்த்துட்டா அந்த மனுஷனுக்குப் பெத்த பொண்ணுகூடக் கண்ணுக்குத் தெரியாது. அப்புறம் நான் சொல்லலைன்னு சொல்லாதே."

அவள் சிரித்துவிட்டு போனை வைத்தாள். சிரித்திருக்கக் கூடாது.

ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. ஆடுகிறவர் பந்தருகே காலை ஊன்றி நிற்கத் தொடங்கியபின், பை தூக்குபவர் பந்துக்குப் பின்னால், அது குழிக்குப் போகும் கோட்டின் நேரே நிற்கக் கூடாது. நின்றால், குறி பார்த்துச் சொல்லிக்கொடுப்பதாக ஆகிவிடும். தெரிந்தே நின்றால், தண்டமாக அடிக்கணக்கில் இரண்டு கூட்டிவிடுவார்கள்; குறைந்த அடியில் முடிப்பவர்தான் இந்த ஆட்டத்தில் முந்துவார். கவனிக்காமல் நின்றுவிட்டால் தண்டம் கிடையாது. அவள் வலதுகைக்காரி. பந்தை உருட்ட நின்றால் அந்தக் கோடு சரியாக அவளுடைய வலப்பக்கம் வரும். முதல் வாரமே இதை அப்பாவுக்குப் பாடம்போலச் சொல்லிக்கொடுத்தாள். அவரும் முணுமுணுத்துக்கொண்டே ஒவ்வொரு முறையும் விலகிப் போனார்.

அது பருவத்தின் கடைசிப் போட்டி. முடிவில் முதல் அறுபது பேருக்குள் இருந்தால் அடுத்த ஆண்டும் பெரிய சுற்றில் ஆடலாம். இல்லாவிட்டால் பதினெட்டு வயதுப் பிள்ளைகளோடு சின்னப் போட்டிகளில் மல்லுக்கட்டி, மறுபடி அடிமட்டத்திலிருந்து ஏறி வர வேண்டும். இந்த வயதில் அது நடக்காது என்று அவளுக்கு நன்றாகவே தெரியும்.

கடைசிக் குழிக்கு வந்தபோது கணக்கு கையில் இருந்தது. மூன்று தப்படி தூரம், லேசான இறக்கம். மூச்சை விட்டாள், உருட்டினாள், பந்து குழிக்குள் விழுந்தது. ஓரடி மிச்சத்தோடு அறுபதுக்குள் வந்துவிட்டாள். அப்பாவைத் தேடி வலப்பக்கம் திரும்பினாள்.

அப்பா அங்கேதான் நின்றார், அப்பட்டமாகக் கோட்டின் மேலேயே. அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தொலைக்காட்சிக் கேமராவைப் பார்த்துச் சிரித்து, விரலால் தலையைக் கோதிக்கொண்டிருந்தார். கூட்டம் கைதட்டிய பிறகுதான் பந்து விழுந்ததே அவருக்குத் தெரிந்தது.

எண்ணிக்கையைச் சரிபார்க்கும் கூடாரத்தில், அவளோடு ஆடி, அவளுடைய அடிக்கணக்கைக் குறித்துவந்த சின்னப்பெண் தயங்கித் தயங்கி வாயைத் திறந்தாள்.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. உங்கப்பா பின்னாடி நின்னதை நான் பார்த்தேன். சொல்லாம என்னால கையெழுத்துப் போட முடியாது."

அந்தப் பெண்மேல் அவளுக்குக் கோபமே வரவில்லை. நடுவர் கண்ணாடி போட்ட, நிதானமான அம்மாள். அவரிடம் இவளே முந்திக்கொண்டு சொன்னாள்.

"அவர் கவனிக்கலைங்க. கேமராவைப் பார்த்துட்டு இருந்தார். நானே பார்த்தேன்."

கூடாரத்து வாசலில் மூன்று நான்கு பத்திரிகைக்காரர்கள் நின்றிருந்தார்கள். அப்பாவின் முகம் சுருங்கியது.

"யாரு கவனிக்கல?"

"ஐயா, அவசரப்படாம யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் நடுவர். "எங்க நிக்கிறோம்னு தெரியாம நின்னீங்களா, தெரிஞ்சே நின்னீங்களா?"

"அப்பா" என்றாள் அவள். ஒரு வார்த்தையில் எவ்வளவு கெஞ்ச முடியுமோ அவ்வளவு கெஞ்சினாள்.

அப்பா வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு நெஞ்சை நிமிர்த்தினார்.

"தெரிஞ்சேதாம்மா நின்னேன். ஆறு வயசுலேர்ந்து இவளுக்கு வலப்பக்கம் நிக்கிறவன் நான். நான் நிக்கலைன்னா இவ இன்னிக்குச் சக்கர நாற்காலியிலதான் இருப்பா. என்னைப் போய் கவனிக்கலைன்னு சொல்றதா?"

வாசலில் இருந்தவர்கள் மும்முரமாக எழுதிக்கொண்டார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே கத்தியது ஒருவர், கெட்டது இன்னொருத்தி. நடுவர் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பரிதாபமாகப் பார்த்துவிட்டு, இரண்டு அடியைக் கூட்டினார். ஓரடி மிச்சம் போய், ஓரடியில் அறுபதுக்கு வெளியே விழுந்துவிட்டாள். வெண்ணெய் திரண்டு வருகையில் தாழி உடைந்தது என்பார்களே, அதுதான் நடந்தது. உடைத்தவர் பெற்ற அப்பா.

கார் நிறுத்துமிடம்வரை அப்பா நடுவரைத் திட்டிக்கொண்டே வந்தார். பொறாமையாம், சதியாம். அவள் காரின் பின்கதவைத் திறந்துவைத்துவிட்டு நின்றாள்.

"கவனிக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்ப்பா. நிஜமும் அதுதானே."

திட்டு நின்றது. அவர் பையின் வாரைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தார். கவனிக்காமல்தான் நின்றோம் என்பது அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. கூடாரத்துக்குள் நுழையும்போதே தெரிந்திருக்கிறது.

"நாலு பேர் முன்னாடி" என்றார், "பொண்ணைப் பார்க்காம கேமராவைப் பார்த்துட்டு நின்னேன்னு என் வாயால எப்படிம்மா சொல்லுவேன்?"

 அழுகை வரும் என்று நினைத்தாள். வந்தது வெறும் கசப்பு. அவர் தோளிலிருந்து பையை வாங்கிக் காருக்குள் வைத்தாள்.

"நீங்க அம்மாகிட்ட போயிருங்கப்பா. இனிமே என் பையை நான் தூக்கிக்கறேன்."

"அப்போ நான் என்னம்மா பண்ணுவேன்?" என்று கேட்டார் அப்பா. முதல்முறையாகக் கூட்டம் இல்லாத இடத்தில், அவளை மட்டும் பார்த்துக் கேட்டார்.

அவள் காரின் பின்கதவைச் சாத்தினாள். பதில் தேட மனமில்லை.