மூன்றாம் பகுதி இல்லாத பிரதி

1

இந்தக் கதை ஒரு கணினிக் கடையில் நான் சொன்ன பொய்யிலிருந்து பிறந்தது. இதைவிட நயமான தொடக்கங்களையும் எழுதிப் பார்த்தேன். "கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார்" என்று ஒன்று. "அக்காவின் கண்கள்" என்று தொடங்கி, அதற்குமேல் நகர மறுத்த இன்னொன்று. எல்லாவற்றிலும் நான் நல்ல தம்பியாகவே வந்துகொண்டிருந்தேன். எனக்கே சகிக்கவில்லை, கிழித்துப் போட்டேன்.

அக்காவுக்கு ஒரு சாய ஆலையின் சோதனைக்கூடத்தில் வேலை. சாயம் ஏற்றிய துணி, மாதிரித் துணியோடு நிறத்தில் ஒத்துப்போகிறதா என்று பார்த்து எழுதுவாள். ஒருநாள் பச்சையையும் சாம்பல் நிறத்தையும் ஒன்றுதான் என்று எழுதிக் கொடுத்துவிட்டாள். அப்படித்தான் வெளியே தெரிந்தது. பார்வை ஓரங்களிலிருந்து சுருங்கிக்கொண்டே வருகிறது, மருந்து இல்லை, ஒரு வருடம் தாங்கலாம் என்றார் கண் மருத்துவர்.

2

அக்காவிடம் ஒரு விளையாட்டு இருந்தது. கணினியில் ரயில் பாதை போடும் விளையாட்டு. பதினோரு வருடமாக ஒரே ஊரைக் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பத்திரண்டு நிலையங்கள். தெரிந்தவர்களுக்கெல்லாம் ஆளுக்கொன்று. எனக்குக் கொடுத்த நிலையத்தில் எந்த வண்டியும் நிற்காது. கேட்டால், "நீ எப்ப நேரத்துக்கு வந்திருக்க?" என்பாள்.

(இந்த இடத்தில் அவளைக் கொஞ்சம் சாதுவாக எழுதலாமா என்று யோசித்தேன். வாசகர்களுக்கு இரக்கம் வரும். ஆனால் அவள் சாது இல்லை.)

வேலை போன அதே மாதம் பழைய கணினியும் மூச்சை விட்டது. கடையில் இரண்டு வகை இருந்தன. ஒன்றில் அந்த விளையாட்டு ஓடும். மற்றொன்றில் ஓடாது, ஓடப்போவதும் இல்லை என்று கடைக்காரர் என்னிடம் தனியாகச் சொன்னார். ஆனால் அதில் ஒரு குரல் உண்டு. திரையில் இருப்பதையெல்லாம் தெளிவான தமிழில் படித்துச் சொல்லும். சுட்டி வேண்டாம், விசைகளே போதும். கண் இருக்கும்போதே பழகிக்கொண்டால் பிறகு தடுமாற வேண்டியதில்லை என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். கடைக்கு வரும் வழியில் நானும் அதையே ஒப்பித்தேன்.

"பாக்க முடியற ஒரே ஒரு வருஷத்துல, பாக்காம இருக்கக் கத்துக்கச் சொல்றியா?" என்றாள் அக்கா.

 

3

அக்காவின் கணவர் பள்ளி வேன் ஓட்டுகிறவர். அதிகம் பேசமாட்டார். மாமா என்னைக் கடைக்கு வெளியே, வண்டிகள் நிறுத்தும் இடத்துக்குக் கூட்டிப்போனார். இரண்டையுமே வாங்கிவிடலாம், பாதிப் பணம் நான் போடுகிறேன் என்றேன். வேண்டாம் என்றார். விளையாட்டு வீட்டில் இருந்தால் மற்றதை அவள் தொடக்கூட மாட்டாள். அவளைத் தெரிந்த யாரும் இதை மறுக்க மாட்டார்கள்.

"ரெண்டாவதுலயும் ஓடும்னு சொல்லிடு மாப்ளே. நான் சொன்னா நம்பமாட்டா. நீ சொன்னா நம்புவா."

உள்ளே போய்ச் சொன்னேன். அவள் நம்பினாள்.

4

பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நிதானமாக எழுதும்போதெல்லாம் கை நின்றுவிடுகிறது.

விளையாட்டு ஏன் வரவில்லை என்று கேட்டாள். அடுத்த மாதம் அப்டேட் வரும் என்றேன். அடுத்த மாதமும் அதையே சொன்னேன். நான்கு மாதம் அப்படியே ஓட்டினேன். சும்மா காத்திருப்பானேன் என்று அவள் விசைகளைப் பழகினாள், அந்தக் குரலைப் பழகினாள். மாமா நினைத்தபடியே எல்லாம் நடந்தது. கண்கள் மட்டும் மருத்துவர் சொன்ன கணக்குக்குக் கட்டுப்படவில்லை.

பயந்துபோய், அவள் விளையாட்டு ஓடுகிற பழைய கணினி ஒன்றைத் தேடிப் பிடித்துக் கொண்டுபோனேன். செத்துப்போன கணினியிலிருந்து மீட்டெடுத்த அவள் ஊரைத் திறந்து வைத்தேன். ஒரு மதிய நேரம், ஜன்னல்கள் எல்லாம் திறந்திருந்தன. சுட்டியின்மேல் கை வைத்து, அம்புக்குறி எங்கே இருக்கிறது என்று கேட்டாள். பாலத்துக்குப் பக்கத்தில் என்றேன்.

"பாலம் எங்க இருக்கு?"

அவள் முகத்துக்கு நேராக, திரையின் நடுவில் இருந்தது.

கையை எடுத்துக்கொண்டாள். "ஓடாதுன்னு கடையிலயே உனக்குத் தெரியுமா?"

தெரியும் என்றேன்.

"பொய் சொல்லணும்னா கதையில சொல்லிக்க வேண்டியதுதான? எனக்குக் கண்ணு இருந்த நாள்ல ஏன்டா சொன்ன?"

மாமா கதவருகே நின்றிருந்தார். அவர் வாயைத் திறக்கவில்லை. நானும் அவரைக் காட்டிக் கொடுக்கவில்லை. (பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். ஓடாது என்று தெரிந்தே ஓடும் என்று சொன்னது என் வாய்தான்.)

5

முடிவுகள் சில எழுதினேன். ஒன்றில் அக்கா என்னை மன்னிக்கிறாள். அது படிக்க நன்றாகவே இருந்தது. இன்னொன்றில் அவள்

இல்லை, அதை எழுத முடியாது.

உண்மையில் நடந்தது இது. அந்தக் குரலை வைத்துக்கொண்டு அக்கா இன்று நாவல் படிக்கிறாள், கடிதங்களுக்குப் பதில் எழுதுகிறாள், விண்ணப்பங்களைத் தானே நிரப்புகிறாள். மாமாவிடம் முன்னைவிடப் பிரியமாக இருக்கிறாள். என்னோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. அவள் இழந்த நான்கு மாதங்களை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. நாங்கள் செய்தது சரி என்று மாமா சொல்கிறார். அவர் சொல்வதும் பொய்யில்லை.

போன வாரம் அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. "என்னைப் பத்தி எழுதுறியாமே. அனுப்பு."

ஒரு மணி நேரத்தில் மாமா கூப்பிட்டார். கடைக்கு வெளியே பேசியதை எழுதியிருந்தால் எடுத்துவிடச் சொன்னார். 

"அவ என் கையப் பிடிச்சுதான் படி இறங்குறா மாப்ளே," என்றார்.

அந்தக் குரல் எதையும் விடாமல் படிக்கும். அடைப்புக்குறிகளைப் படிக்கும், பாதியில் விட்ட வரியைப் படிக்கும், எண்களையும் படிக்கும். மூன்றாம் பகுதியை மட்டும் எடுத்துவிட்டால், இரண்டுக்குப் பிறகு நான்கு வருவதை அக்கா கண்டுபிடித்துவிடுவாள். அதனால் நான்கை மூன்றாக்கி, ஐந்தை நான்காக்கி, மாமாவைப் பற்றிய வரிகளையும் எடுத்துவிட்டு, இன்னொரு பிரதி தயாராக இருக்கிறது. அதில் கடையில் பொய் சொல்வது நான் மட்டும்தான், அதுவும் யாரும் கேட்காமலே.

நீங்கள் படித்தது முழுப் பிரதி. அவளுக்கு எதை அனுப்புவது என்று நீங்களே சொல்லுங்கள். அவளுக்காக ஒருமுறை நான் முடிவெடுத்தாயிற்று.