கடலோர வார்டின் ஒன்பதாம் கட்டில்

1970 மார்ச் இரண்டாம் வாரத்தில் ஒருநாள் காலை, இருமலாஸ்பத்திரியின் ரிக்கார்டு ரூம் ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண் வந்து நின்றாள். வாசல் பலகையில் அந்த ஆஸ்பத்திரிக்கு நீளமான இங்கிலீஷ் பெயர் ஒன்று உண்டு. ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை ஒருத்தரும் அதைச் சொன்னதில்லை. காசநோய்க்காரர்களுக்கென்று ஒரு தர்ம டிரஸ்ட் கடலை ஒட்டிக் கட்டிய இடம் அது. இருமலாஸ்பத்திரி என்று சொன்னால்தான் பஸ் கண்டக்டர் விசில் கொடுப்பான்.

"எங்கம்மா இறந்துபோன தேதி வேணும் சார்" என்றாள் அந்தப் பெண். பெயர் அடைக்கலமேரி. நெட்டுக்குப்பத்திலிருந்து வந்திருந்தாள். வயது இருபத்தைந்து இருக்கும். "இங்கதான் சேர்த்தாங்களாம். எனக்கு அப்போ நாலு வயசு. அப்பா படுத்த படுக்கையா கீறாரு. அம்மா செத்த தேதியில ஒரு பூசை வைக்கணும்னு புலம்பிக்கினே கீறாரு. அவருக்கே தேதி தெரியல."

அருள்பிரகாசம் பேனாவை மூடி வைத்தார். இங்கே வேலைக்கு வந்து எட்டு மாதம் ஆகிறது. அதற்கு முன் பதினாறு வருஷம் ஒரு கப்பல் கம்பெனியில் பயணிகள் பட்டியல் எழுதியவர். கப்பலில் ஏறிய ஒவ்வொரு பெயரும் எங்காவது இறங்கியாக வேண்டும், இல்லாவிட்டால் அவருக்குச் சாப்பாடு இறங்காது. அந்தப் பழக்கம் இங்கேயும் கூடவே வந்திருந்தது.

"பேரு?"

"சிலுவையம்மாள். புருசன் பேரு ஜார்ஜ்."

சேர்க்கை ரிஜிஸ்தரில் உடனே கிடைத்துவிட்டது. 1949 ஆகஸ்டு பதினொன்று, எண் 412, வயது இருபத்தாறு, பெண்கள் வார்டு, ஒன்பதாம் கட்டில். மரண ரிஜிஸ்தரை எடுத்து அந்த வருஷத்திலிருந்து விரலை ஓட்டிக்கொண்டே வந்தார். பெயர் இல்லை. வீட்டுக்கு அனுப்பியவர்களின் ரிஜிஸ்தரிலும் இல்லை. பிற்பகல் மூன்று மணிவரை தேடிவிட்டு, அடுத்த ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி அவளை அனுப்பினார். ஞாயிறு அவருக்கு டூட்டி இருந்தது.

அடுத்த மூன்று நாளும் கேஸ் கட்டுகளைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார். கடல் காற்றில் உப்பேறிய காகிதங்கள், கையில் எடுத்தால் ஈரமாக இருந்தன. நாலாம் நாள் அந்தப் பெயரை அவர் வேறொரு இடத்தில் பார்த்தார். அன்றைய சாப்பாட்டுப் பட்டியலில்.

சமையல் கட்டுக்குப் போகும் பட்டியல் அது. தினமும் காலையில் முந்தின நாள் பட்டியலைப் பார்த்து அப்படியே எழுதுவார்கள். நோயாளி வீட்டுக்குப் போனதாகவோ இறந்ததாகவோ ரிக்கார்டு ரூமிலிருந்து சீட்டு போனால்தான் பெயரை அடிக்கலாம். நூற்றெண்பத்தேழு பேர். பெண்கள் பகுதியில் கடைசி வரி: 'சிலுவையம்மாள், க. வா. 9, பால் ஒன்று.'

அருள்பிரகாசம் பட்டியலைக் கையில் எடுத்துக்கொண்டு சமையல் கட்டுக்குப் போனார். சமையல்காரர் கோதண்டம் அண்டாவைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்குய்யா?"

கோதண்டம் பட்டியலைப் பார்க்கவே இல்லை. "கடலோர வார்டு பாலா? நான் வேலைக்கு வர்றதுக்கு முன்னாடிலேர்ந்து போய்க்கினு கீது சார். லிஸ்ட்ல கீது, ஊத்தறேன். ரஹீமுன்னிசா ஆயா எடுத்துக்கினு போவும்."

"அந்த வார்டைத்தான் பூட்டிட்டாங்களே."

"ஆமா" என்றார் கோதண்டம். "டம்ளரு காலியாத்தான் திரும்பி வருது."

கடலோர வார்டு ஆஸ்பத்திரியின் கிழக்குக் கோடியில் இருந்தது. அந்தக் காலத்தில் பெண்கள் வார்டு அதுதான். ஐம்பத்திரண்டில் கடல் அரித்து மதில் சுவர் விழுந்தபோது நோயாளிகளை எல்லாம் புதுக் கட்டடத்துக்கு மாற்றிவிட்டார்கள். அதற்கப்புறம் ரஹீமுன்னிசாவைத் தவிர அந்தப் பக்கம் யாரும் போவதில்லை.

ரஹீமுன்னிசா தண்டையார்ப்பேட்டைக்காரி. ஓய்வு பெற இன்னும் இரண்டு வருஷம் இருந்தது. அருள்பிரகாசம் கேட்டதும் சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"அந்தப் பொண்ணுக்கு ரெண்டு வருசத்துல நோவு சுத்தமா பூட்ச்சு சார். சளியில ஒண்ணும் இல்லேன்னு டாக்டரே சொல்ட்டாரு. ஆனா பொம்பளைங்கள வூட்லேர்ந்து ஆளு வந்து கூட்டிக்கினு போனாத்தான் அனுப்புவாங்க. யாரும் வரல. ஞாயித்துக்கெழம மூணுலேர்ந்து அஞ்சு வரிக்கும் பாக்க வர்ற நேரம். தல சீவி பூ வச்சிக்கினு கட்டில்ல குந்திக்கினு இருக்கும். அஞ்சு மணி மணி அடிச்சா பூவ எடுத்துப் பக்கத்து கட்டிலுக்குக் குடுத்துரும்."

"அப்புறம்?"

"வார்டு மாத்துன அன்னிக்கி வரமாட்டேன்னு சொல்ச்சு. எம் புருசன் தேடிக்கினு வந்தா இங்கதான வருவாரு, நா எங்க போறதுன்னு. கெஞ்சிக் கெஞ்சிக் கூட்டிக்கினு வந்தோம். அங்கேர்ந்து கெளம்பும்போது எண்ணுனா இருபத்திரண்டு பேரு. இங்க வந்து எண்ணுனா இருபத்தொண்ணு. திரும்பிப் போய்ப் பாத்தா கட்டிலுக்குக் கீழ செருப்பு கீது. ஆளு இல்ல. கடல்லயும் ஒண்ணும் ஒதுங்கல." அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "செத்துதுன்னு எழுத பாடி இல்ல. போச்சுன்னு எழுத யாரும் பாக்கல. அப்போ இருந்த பெரிய டாக்டரு எதுவும் எழுதாதேன்னுட்டாரு. பேரு லிஸ்ட்லயே நின்னுபோச்சு. மொத நாளு பாலு வந்துச்சு. எங்க எடுத்துக்கினு போறது? அங்கயே கொண்டுபோய் வச்சேன்."

"குடிக்கிறது பூனையா இருக்கும்."

"பூன டம்ளர கழுவிக் கவுக்குமா சார்?"

அன்று மாலை நாலு மணிக்கு அவரும் கூடப் போனார். நல்ல வெயில். கடல் பாறாங்கற்களில் மோதும் சத்தம் தவிர வேறு சத்தம் இல்லை. ரஹீமுன்னிசா வராந்தாவின் கடைசி ஜன்னல் திண்டில் டம்ளரை வைத்துவிட்டு, உள்ளே ஒரு பார்வைகூடப் பார்க்காமல் திரும்பி நடந்தாள். அருள்பிரகாசம் ஜன்னல் கட்டையின் இடுக்கு வழியே பார்த்தார். நீளமான கூடம். கட்டில்களை எல்லாம் எடுத்துப் போயிருந்தார்கள். ஒரே ஒரு இரும்புக் கட்டில், அதன் மேல் சுருட்டி வைத்த மெத்தை. தரையில் விரல் கனத்துக்கு மணல். அதில் ஒரு தடம்கூட இல்லை.

அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. வராந்தா தூணுக்குப் பக்கத்தில் போய் நின்று பீடி பற்ற வைத்தார். காற்றில் இரண்டு குச்சி அணைந்துபோயின. மூன்றாவது குச்சியைக் கிழிக்கும்போது பின்னால் யாரோ இருமினார்கள். நோயாளி இருமல் இல்லை அது. வாசலில் ஆள் நிற்பது தெரிந்தும் உள்ளே கூப்பிடச் சங்கோசப்படுகிறவர்கள் தொண்டையைச் செருமுவார்களே, அந்த மாதிரி.

திரும்பினார். டம்ளர் திண்டில் கவிழ்ந்திருந்தது. அதன் மேல் தண்ணீர்த் துளிகள் இறங்கிக்கொண்டிருந்தன. அந்த வார்டுக்குப் போகும் தண்ணீர்க் குழாயை வெட்டிப் பதினெட்டு வருஷம் ஆகிறது.

புதுக் கட்டடத்துக்கு எப்படித் திரும்பி வந்தார் என்பது அவருக்கு நினைவில்லை.

மறுநாள் ரிக்கார்டு ரூமில் அலமாரியின் மேல்தட்டில் தனியாகக் கிடந்த ஒரு காகிதக் கட்டுக்குள் எண் 412-இன் கேஸ் கிடைத்தது. ஜுர அட்டைகள், எக்ஸ்ரே குறிப்புகள். அதற்குப் பின்னால் மூன்று கடித நகல்கள். மூன்றிலும் ஒரே விஷயம்: தங்கள் மனைவி பூரண குணமடைந்துவிட்டார், வந்து அழைத்துச் செல்லவும். ஒவ்வொரு கடிதத்தோடும் அது போய்ச் சேர்ந்ததற்கான தபால் அட்டை குண்டூசியில் குத்தியிருந்தது. மூன்று அட்டையிலும் கையெழுத்து இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை, மார்ச் பதினைந்து. அடைக்கலமேரி இரண்டரை மணிக்கு வந்தாள். அருள்பிரகாசத்துக்கு அந்த அட்டைகளைப் பிரித்து ஒளித்துவிடலாமா என்று ஒரு யோசனை இருந்தது. செய்யவில்லை. கேஸ் கட்டை அப்படியே அவள் முன்னால் வைத்தார்.

எட்டாவது வரை படித்தவள். விரலை வைத்து நிதானமாகப் படித்தாள். மூன்றாவது அட்டைக்கு வந்ததும் விரல் நின்றது.

"எங்கப்பா கையெழுத்துதான். கடைசி எழுத்துக்குப் புள்ளி வைக்கமாட்டாரு" என்றாள். கடிதத்தின் தேதியைப் பார்த்துவிட்டு, "இந்தக் காயிதம் வந்தப்போ அப்பா ரெண்டாவது கட்டிக்கினு எங்க சித்தி வூட்டுக்கு வந்துட்டாங்க" என்றாள்.

அவர் ஆயா சொன்னதைச் சொன்னார். பாலைப் பற்றியும் சொன்னார். தான் பார்த்ததை மட்டும் சொல்லவில்லை. அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தார். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எழுந்தாள்.

"தேதி கெடக்கட்டும் சார். அவங்க இருந்த எடத்தக் காட்டுங்க."

மூன்று மணி மணி அடித்தது. வார்டுகளுக்கு ஜனங்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலும் ஆரஞ்சுப் பழமுமாக வந்துகொண்டிருந்தார்கள். அவர்களைத் தாண்டி இரண்டு பேரும் கிழக்கே நடந்தார்கள். பூட்டில் துரு ஏறியிருந்தது. சாவி போடுவதற்கு முன்பே கையோடு வந்துவிட்டது. அருள்பிரகாசம் வாசற்படியைத் தாண்டவில்லை. அடைக்கலமேரி மணலில் கால் புதைய நடந்து போய், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தாள்.

"நாந்தாம்மா மேரி" என்றாள்.

கொஞ்ச நேரம் கடல் சத்தம்தான் கேட்டது. பிறகு அவள், "ஆமா, கறுத்துதான் போயிட்டேன்" என்றாள்.

அருள்பிரகாசம் ஒரு அடி பின்னால் நகர்ந்தார். உள்ளே அவள் தணிந்த குரலில் பேசிக்கொண்டிருந்தாள். பேச்சுக்கு நடுவே நிறுத்தினாள். பதில் சொல்லிவிட்டு, மறுபடி நிறுத்தினாள்.

"ஆயிடுச்சும்மா. அவரு ரயில்வேல கீறாரு... இல்ல, பையன் இல்ல, பொண்ணு. மூணு வயசாகுது... உன் பேருதான்."

"தெரியாதும்மா. நீ செத்துட்டதா சொன்னாங்க. தெரிஞ்சிருந்தா நடந்தாவது வந்திருப்பேன்."

கடைசியில், "எந்திரிக்கக்கூட முடியல அப்பாவால. நீயே வந்து பாரு" என்றாள்.

ஐந்து மணி அடிக்கக் கால் மணி இருக்கும்போது அவள் வெளியே வந்தாள். முகம் வற்றிப்போயிருந்தது. நன்றி என்று ஏதோ முணுமுணுத்தாள். வராந்தாவில் நடக்கும்போது சுவரை ஒட்டி ஓரமாகவே நடந்தாள். அது அகலமான வராந்தா, மூன்று பேர் தாராளமாகப் போகலாம். அருள்பிரகாசம் கேட் வரைக்கும் பின்னாலேயே போனார். எண்ணூர் பஸ் வந்தது. அவள் படிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்தபடி ஒதுங்கி நின்று, யாரையோ முதலில் ஏறவிடுகிறவள் மாதிரி ஒரு நிமிஷம் காத்திருந்து, பிறகு ஏறினாள். கண்டக்டர் அவளைத் திட்டியது கேட் வரை கேட்டது.

திங்கட்கிழமை சாயங்காலம் கோதண்டம் ரிக்கார்டு ரூமுக்கு வந்தார். கையில் டம்ளர். பால் தளும்ப இருந்தது, மேலே ஆடை கட்டியிருந்தது.

"இன்னா பண்றது சார் இத்த?" என்றார்.

வியாழக்கிழமை அடைக்கலமேரி வந்தாள். அப்பா ஞாயிறு ராத்திரி எட்டு மணிக்கெல்லாம் போய்விட்டார் என்றாள். அதே ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பேசினாள்.

"நான் வூட்டுக்குள்ள காலு வைக்கறேன், கண்ணத் தொறந்துட்டாரு. ஆறு மாசமா பொரளக்கூட முடியாத மனுசன், தானா செவுத்துப் பக்கம் நகந்து கட்டில்ல எடம் வுட்டாரு. கைய ரெண்டையும் சேத்துக் கும்பிட்டாரு. கும்பிட்டுக்கினேதான் உசுரு போச்சு. பயந்து போனாரா சந்தோசப்பட்டாரான்னு என்னால சொல்ல முடியல சார்."

"நீங்க ஏதாவது பார்த்தீங்களா?"

அவள் ஜன்னல் கம்பியையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பஸ்ல எம் பக்கத்து சீட்ல யாரும் ஒக்காரல. அவ்ளோ கூட்டத்துலயும்" என்றாள்.

அவள் போன பிறகு அருள்பிரகாசம் வீட்டுக்கு அனுப்பியவர்களின் ரிஜிஸ்தரை எடுத்தார். இதை எழுதினால் வேலை போகலாம் என்பது தெரியும். எழுதாவிட்டால் நாளைக் காலை பட்டியலில் அந்தப் பெயர் மறுபடி வரும், கோதண்டம் பால் ஊற்றுவார், யாரும் இல்லாத ஜன்னலில் அது திரிந்து கிடக்கும். எண் 412. பெயர் சிலுவையம்மாள். தேதி 15.3.1970. நிலை: குணம். அழைத்துச் சென்றவர்: மகள்.

சூப்பரின்டென்ட் டாக்டர் தாமஸ் மறுநாள் கையெழுத்துப் போடும்போது அந்த வரியில் நின்றார். சேர்த்த வருஷத்தைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி பார்த்தார்.

"வார்டைப் பூட்டிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"பூட்டு உடைஞ்சுபோச்சு சார்."

"அப்படியே இருக்கட்டும்" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

சாப்பாட்டுப் பட்டியலில் நூற்றெண்பத்தாறு ஆனது. ஆனாலும் ரஹீமுன்னிசாவுக்குப் பழக்கம் விடவில்லை. அதற்குப் பிறகு ஒரு வாரம் வரைக்கும் நாலு மணியானால் வெறுங்கையோடு கிழக்கே பாதி தூரம் நடப்பாள். நடுவில் நின்று, கொஞ்ச நேரம் கடலைப் பார்த்துவிட்டுத் திரும்பி வருவாள்.