அம்சம் வீட்டுச் சுவர்ப்பலகை

குடியிருக்கிறவனுக்கே மனை சொந்தம் என்று அரசாங்கம் சட்டம் போட்ட வருஷம் அது. மன்னார்குடிப் பக்கத்துக் கிராமத்தில் பண்ணை வேலை செய்த அம்சத்துக்கு ஒரே கவலை. பார்வையிட வரும் ரெவின்யூ இன்ஸ்பெக்டர் தியாகராசன் அவள் குடியிருந்த மண்குடிசையை வீடு என்று ஒப்புக்கொள்ள வேண்டும். இல்லாவிட்டால் மனை மிராசுதார் துரைராசுவுக்கே போய்விடும். "அது என் களத்து ஓரத்துக் காவக் கொட்டாய். அங்க எவன் குடியிருக்கான்?" என்று அவர் ஏற்கெனவே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருந்தார்.

அவள் புருஷன் ஐயாவு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தான்.

"கொட்டாயில எவனாச்சும் சுவத்துல பலகை அடிப்பானா? பலகை இருந்தா அது வூடு."

பேச்சில் குறை சொல்ல முடியாது. வேலையில்தான் கோளாறு. பூவரசம் பலகை ஒன்றை இழைத்து, அதைத் தாங்க மண்சுவரில் மூங்கில் முளை அடித்தான். ஆடியது. இன்னும் பெரிய முளை அடித்தான். அதுவும் ஆடியது. பிறந்ததிலிருந்து வயலைத் தவிர வேறெதையும் அறியாத அந்த மகராசன், மண் காய்ந்துதான் பிடிப்பில்லை என்று முடிவுகட்டி, நாற்றங்காலுக்குப் பாய்ச்சுவது போலச் சுவருக்குக் குடம் குடமாகத் தண்ணீர் பாய்ச்சினான். எதற்கும் இருக்கட்டும் என்று பலகையை உத்தரத்தோடு சேர்த்துக் கயிற்றால் கட்டியும் வைத்தான்.

இன்ஸ்பெக்டர் வருகிற அன்று காலையில் சுவர் சாவகாசமாக வெளிப்பக்கம் படுத்துக்கொண்டது. கூரை கம்பங்களின் மேல் நின்றது. பலகை கயிற்றில் தொங்கியது.

"பலகை அடிக்கறேன்னு வூட்டையே உழுதுட்டியேய்யா!"

அம்சத்துக்கு அழக்கூட நேரமில்லை. பானை சட்டிகளைத் துலக்கி, தொங்கும் பலகையில் அடுக்கினாள்.

தியாகராசன் வந்தார். கூடவே குடையோடு துரைராசு.

"ஏம்மா, சுவர் எங்க?"

"வெளியில படுத்திருக்குங்க."

துரைராசு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "நாலு கம்பும் ஒரு ஊஞ்சப் பலகையும்! கொட்டாய்னு எழுதுங்க சார்."

தியாகராசன் சரிந்த மண்ணைத் தாண்டி அடுப்பருகே போய் நின்றார். "நீங்களும் வந்து பார்த்துட்டு, கொட்டாய்தான்னு ஒரு கையெழுத்துப் போட்டுடுங்க. அதான் முறை."

துரைராசு சுவர் இருந்த இடம் வரைக்கும் வந்தார். எதிரில் சுவருமில்லை, கதவுமில்லை. கன்றுக்குட்டி தாராளமாகப் போய்வரலாம். ஆனாலும் அவர் கால் அங்கேயே நின்றுவிட்டது.

"வாங்க, வாங்க" என்றார் தியாகராசன்.

"நல்லா இருக்கே! சேரி ஆளு வீட்டுக்குள்ள நான் காலெடுத்து வைக்கவா? எங்க பரம்பரையிலயே யாரும் வச்சதில்ல."

"எதுக்குள்ள?"

"வீட்டுக்குள்ளங்கறேன்!"

தியாகராசன் பேனாவைத் திறந்தார். வீடு என்று எழுதினார். மிராசுதாரே சொன்னார் என்றும் எழுதினார்.

ஐயாவு பலகையைப் பெருமையாகத் தடவிக்கொண்டிருந்தான். அம்சம் துரைராசுவை நேராகப் பார்த்தாள்.

"அப்ப வெளியிலயே நில்லுங்க" என்றாள்.