பன்னிரண்டு மைலுக்கு அப்பால்

டெல்லியிலிருந்து கடிதம் வந்தபோது கூட்டத்துக்கு ஒன்பது நாள்தான் இருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டு மீனை உள்ளே விடப் புதிய விதி ஒன்றை எழுதிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு படகிலும் இருப்பிடம் காட்டும் கருவி வேண்டும். கரையிலிருந்து பன்னிரண்டு மைலுக்குள் தொழில் செய்யும் சின்னப் படகுக்கு மட்டும் விலக்கு. ஒன்றியத்தின் பிரசல்ஸ் அதிகாரிகளோடு டெல்லி காணொளியில் பேசப்போகிறது, தீவுகளின் தரப்புக்கு நான்கு நிமிடம் தரப்படும், சொல்ல வேண்டியதை எழுதி வையுங்கள் என்றது கடிதம்.

தீவு நிர்வாகத்தின் மீன்வளத் துறையில் அந்தக் கோப்பு வைஜெயந்தியின் மேசைக்கு வந்தது. டெய்ரி ஃபார்ம் குடியிருப்பிலிருந்து தினமும் ஸ்கூட்டரில் வந்துபோகும் அவள் பதினோரு வருடமாக அங்கே வேலை பார்க்கிறாள். ஐரோப்பாவுக்கு எழுதுவது இதுதான் முதல் தடவை. பழைய அறிக்கைகளைப் புரட்டி, எங்கள் டுங்கிகள் எல்லாம் பன்னிரண்டு மைலுக்குள்தான் போகின்றன, ஆகவே விலக்கு வேண்டும் என்று ஒன்றரைப் பக்கம் எழுதினாள். எஞ்சின் வைத்த திறந்த படகைத் தீவில் டுங்கி என்பார்கள். மேலதிகாரி கோவிந்தராஜ் படித்துவிட்டு நன்றாக இருக்கிறது என்றார். மீனவர் சங்கத் தலைவரின் கையெழுத்து மட்டும்தான் பாக்கி.

தலைவர் இருதயநாதனை ஜங்கிலிகாட் இறங்குதளத்தில் பிடித்தாள். கன்னியாகுமரிக் கரையிலிருந்து வந்த குடும்பம், முப்பது வருடமாகச் சூரை மீன் பிடிப்பவர். கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, எழுதியதைத் தமிழில் சொல்லச் சொன்னார். முழுவதும் கேட்டார்.

“இதுல நான் ஒப்பு போடமாட்டேன் மேடம். பன்னிரண்டு மைலுக்குள்ள சூரை எங்க கெடக்கு? நாங்க பதினெட்டு, இருபது போறோம்.”

அப்படி எழுதினால் விலக்கே கிடைக்காது என்றாள் அவள். அவர் கோபப்படவில்லை. என்றைக்காவது ஒரு டுங்கி இருபதாவது மைலில் அகப்பட்டால், ஒரு படகை மட்டும் நிறுத்தமாட்டார்கள், தீவு மீன் மொத்தத்தையும் பொய் மீன் என்று நிறுத்திவிடுவார்கள் என்றார். வைஜெயந்திக்குக் காது சுட்டது. பழைய அறிக்கையை நம்பி எழுதியிருந்தாளே தவிர, ஒருவரிடமும் கேட்டிருக்கவில்லை.

“அப்போ நான் என்ன எழுதட்டும் அண்ணாச்சி?”

“மைலப் பத்திப் பேசாதீங்க, நேரத்தப் பேசுங்க. சுபே போறோம், அன்னைக்கே ஷாம் திரும்புறோம். தூண்டிதான், வலை கெடயாது. அது பக்கா உண்மை.”

அன்றே அவள் மறுபடி எழுதினாள். தூரத்தை அளவுகோலாக வைக்க வேண்டாம். அதே நாளில் திரும்பும் தூண்டில் படகுகளுக்கு இறங்குதளத்துப் பதிவே போதும் என்று கேட்டாள். கோவிந்தராஜுக்கு அது பிடிக்கவில்லை. கேட்டால் கிடைக்கிற விலக்கை விட்டுவிட்டு, விதியையே மாற்றச் சொல்கிறோமே என்றார். இரண்டு நாள் கோப்பு அவர் மேசையிலேயே கிடந்தது. மூன்றாம் நாள் கையெழுத்துப் போட்டு, பேசுகிற பொறுப்பையும் அவளிடமே கொடுத்தார். இருதயநாதனையும் கூட்டி வரச் சொன்னார்.

கூட்டம் மதியம் இரண்டரைக்கு. பிரசல்ஸில் அப்போது காலை பத்து மணி. டெல்லிக்காரர்கள் இறால் பண்ணை பற்றி நெடுநேரம் பேசினார்கள். தீவுகளின் முறை வந்தபோது வைஜெயந்தி எழுதி வந்ததை ஆங்கிலத்தில் வாசித்தாள். இருபது மைல் வரை போகிறோம் என்று அவளே சொன்னாள். திரையில் டெல்லி அதிகாரி ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

கண்ணாடி அணிந்த ஐரோப்பியப் பெண் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். அதே நாளில் திரும்புகிறார்கள் என்பதை நாங்கள் எப்படி நம்புவது?

எழுதி வந்த தாளில் அதற்குப் பதில் இல்லை. வைஜெயந்தி கேள்வியைத் தமிழில் இருதயநாதனிடம் சொன்னாள்.

“டுங்கியில ஒரு பெட்டி ஐஸ்தான் கொள்ளும்னு சொல்லுங்க. இந்த வெயிலுக்கு அது ராத்திரி தாங்காது. தங்குனா மீன் கெட்டுப்போவும், அவங்களே வாங்கமாட்டாங்க.”

அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அந்தப் பெண் எழுதிக்கொண்டாள். நான்கு நிமிடம் ஏழாகியிருந்தது. யாரும் நிறுத்தவில்லை.

ஐந்து மாதம் கழித்துத் திருத்திய விதி வந்தது. ஒரே நாளில் திரும்பும் தூண்டில் படகுக்குக் கருவி தேவையில்லை. ஆனால் புறப்பாடும் வருகையும் தினமும் பதிவாக வேண்டும். ஏற்பாடு இரண்டு வருடத்துக்கு மட்டும். தூரமும் பதினெட்டு மைலுக்குள் இருக்க வேண்டும். இருபது கிடைக்கவில்லை.

வைஜெயந்தி தாளோடு இறங்குதளத்துக்குப் போனாள். இரண்டு மைல் விட்டுப்போனதை அவளால் சிரித்துக்கொண்டு சொல்ல முடியவில்லை. மார்ச் மாதம் மீன் விலகிப் போகும்போது அந்த இரண்டு மைல் உறைக்கும் என்றார் இருதயநாதன். மற்ற மாதங்களில் சமாளிக்கலாம் என்றும் சொன்னார். புதிய பதிவு முறைக்கான ஒப்புதலில் நிதானமாகக் கையெழுத்திட்டார்.

“ரெண்டு வருஷம் கழிஞ்சா?”

“மறுபடி பேசணும் அண்ணாச்சி.”

“அப்பம் எங்கள முதல்லயே கூப்பிடுங்க. எழுதி முடிச்ச பெறவு இல்ல.”

சரி என்றாள். அலுவலகம் திரும்பியதும் நாட்காட்டியில் தேதியைக் குறிக்கப் போனாள். அத்தனை தூரத்துக்கு அதில் பக்கம் இல்லை. கோப்பின் முதல் தாளிலேயே அவருடைய பெயரையும் தொலைபேசி எண்ணையும் பெரிதாக எழுதி வைத்தாள்.