லேசருக்கு வைத்த பொட்டு

பக்கத்தில் இரும்புத் தகடு அடிக்கும் பிரஸ் கம்பெனி நாள் பூராவும் தடால் தடால் என்று இடிக்கும். அந்த அதிர்வில் என் லேப் மேசையே நடுங்கும். ஒளி மட்டும் நடுங்காமல் இருக்குமா? சனியன் வாயை மூடுவது ஆயுத பூஜைக்கு மட்டும்தான். அந்த ஒரு நாளை நம்பித்தான் பெங்களூரிலிருந்து லேசரை இரவல் வாங்கிக் கவரைப்பேட்டைக்குக் கொண்டுவந்திருந்தேன். மறுநாள் அது திரும்பிப் போய்விடும். அன்று அளக்காவிட்டால் என் பிஎச்.டி. அம்போதான்.

ஒரு கண்ணாடி இழைக்குள் பலமான ஒளித்துடிப்பை ஓடவிட வேண்டும். பின்னால் துரத்தி வரும் மெல்லிய ஒளி, நெருங்க நெருங்க வேகம் குறைந்து, அதைத் தாண்ட முடியாமல் தவிக்கும். கருந்துளையின் விளிம்பில் ஒளி மாட்டிக்கொள்வது போலத்தான் இதுவும். பழவேற்காட்டில் வாப்பாவிடம் இதைச் சொன்னபோது, "நம்ம ஜி.என்.டி. ரோட்ல லாரி பின்னாடி போறா மாதிரின்னு சொல்லு" என்றார்.

காலையில் லேப் முழுக்கச் சாம்பிராணி வாசம். உதவியாளர் முத்தம்மா அக்கா பூஜையை முடித்திருந்தார். வெளியே ஒரு சத்தமில்லை. எனக்குக் குதிக்க வேண்டும் போலிருந்தது. முந்தைய நாளே எல்லாம் சரிபார்த்தாயிற்று என்ற தைரியத்தில் லேசரைப் போட்டேன்.

கருகிய நாற்றம் அடித்தது. அணைத்துவிட்டு, லேசர் ஒளி வெளியே வரும் குழாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தேன். லென்ஸின் நடுவில் சந்தனமும் குங்குமமும் தீய்ந்து, கண்ணாடி விரிசல் விட்டிருந்தது.

"யா அல்லா! அக்கா, இதுக்குள்ளயா பொட்டு வெச்சீங்க?"

"ஆமா பாப்பா. எல்லா மிஷினுக்கும் வெச்சிட்டு உன்துக்கு மட்டும் உட்டா நல்லாவா இருக்கும்? உள்ள கண்ணு மாதிரி இருந்துச்சு, அங்கயே வெச்சேன். பெரியபாளையத்து அம்மன் குங்குமம். இன்னாத்துக்கு பாப்பா அழுவுற? தொடச்சா போவாதா?"

கத்த வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்து எப்படிக் கத்துவது? மாற்று லென்ஸ் பெங்களூரில்தான் கிடைக்கும்.

போன் அடித்தது. வழிகாட்டிப் பேராசிரியர்.

"என்னம்மா, ரீடிங் கெடச்சுதா?"

"இல்ல சார். லென்ஸ் போயிடுச்சு. நான்தான் பாக்காம ஆன் பண்ணிட்டேன்."

"சரி, லேசர பேக் பண்ணிடு" என்று வைத்துவிட்டார்.

முத்தம்மா அக்கா குங்குமம் படிந்த தன் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "என்னாலயா பாப்பா?"

"இல்லக்கா" என்றேன்.

அவர் நம்பவில்லை.