சின்னச் செருப்புகளின் வரிசை

பன்னிரண்டு பெயர் வேண்டும் என்று கல்விக் கந்தோரில் சொல்லிவிட்டார்கள். பன்னிரண்டு பிள்ளைகளின் விபரமும் பெற்றோரின் கையெழுத்தும் மாதக் கடைசித் திங்கட்கிழமைக்குள் வந்தால், பள்ளிமுனைக் கிராமத்தில் விசேட கல்வி வகுப்பொன்றைத் திறந்து ஆசிரியர் ஒருவரையும் போடலாம். வராவிட்டால் அந்த ஆசிரியர் வேறு ஊருக்குப் போய்விடுவார்.

நிறஞ்சலாவின் மகள் றொஷேலுக்கு ஒன்பது வயது. இன்னும் பேச்சு வரவில்லை. "இவவைப் பார்க்க எங்களிட்ட ஆக்கள் இல்லை, வீட்டில வச்சிருங்கோ" என்று இரண்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தில் பக்குவமாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பக்குவமாகச் சொன்னால் வலிக்காது என்று அவர்களுக்கு யார் சொல்லிக் கொடுத்தார்களோ!

மூன்று கிழமையாக நிறஞ்சலா மகளையும் கூட்டிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கினாள். றொஷேலுக்கு ஒரு பழக்கம். வாசலில் செருப்புக் கிடந்தால் விடமாட்டாள். சோடி சேர்த்து, சின்னதிலிருந்து பெரிதுவரை வரிசையாக அடுக்கினால்தான் அவளுக்கு நிம்மதி. ஊர் வாசல்களெல்லாம் ஒழுங்காயின. பெயர்தான் நாலுக்கு மேல் தேறவில்லை.

பின் ஒழுங்கையில் குடியிருக்கும் பிறின்சி கதவைப் பாதி திறந்து, "எங்கட வீட்டில அப்பிடி ஒருத்தரும் இல்லையக்கா" என்றாள். உள்ளே ஒரு பிள்ளை முனகியது. பிறின்சி மீதிக் கதவையும் சாத்திக்கொண்டாள்.

கடைசியில் நிறஞ்சலா பங்குத்தந்தையின் காலில் விழாத குறையாகக் கேட்டாள். அவரும் ஞாயிறு பூசை முடிவில் அறிவித்தார்: விசேட தேவையுள்ள பிள்ளைகளைச் சனிக்கிழமை ஒன்பது மணிக்குக் கோயில் மண்டபத்துக்குக் கூட்டிக்கொண்டு வாருங்கள். எதற்கு என்று சொல்ல மறந்துவிட்டார். பாவம், மடு மாதா கோயிலுக்குப் போகும் பஸ்ஸைப் பற்றியும் அவர் அறிவிக்க வேண்டியிருந்தது.

பாதர் பிள்ளைகளைக் கூப்பிட்டால் வேறு எதற்குக் கூப்பிடுவார்? கைவைத்துச் செபிக்கத்தான். சனம் அப்படித்தான் விளங்கிக்கொண்டது.

சனிக்கிழமை மண்டபத்துக்குள் பிள்ளைகள் வரவர நிறஞ்சலா வாங்குகளை இழுத்துப் போட்டாள். ஓட்டோவில் வந்தார்கள், சைக்கிள் பாரில் வந்தார்கள், அரிப்பு ஊரிலிருந்து முதல் பஸ்ஸைப் பிடித்து வந்தார்கள். கையில் மெழுகுதிரி, எண்ணெய்ப் போத்தல். பக்கத்து வீட்டுக்காரி சொன்னதைக் கேட்டு ஸுஹறாவும் மகன் றிஸ்லானோடு வந்திருந்தாள். ஒருத்தரும் இல்லையென்று சொன்ன பிறின்சிகூட ஒரு பெண்பிள்ளையை இடுப்பில் சுமந்து வந்தாள். வெறும் கூட்டமென்றால் செருப்போடு நுழைகிற சனம், அன்று செபமென்று நினைத்துச் செருப்பையெல்லாம் வெளியே கழற்றிவிட்டு வந்தது.

தினமும் நடந்து போகிற ஒழுங்கைகளுக்குள்ளா இத்தனை பிள்ளைகள் இருந்தார்கள்? நிறஞ்சலாவால் நம்ப முடியவில்லை.

அவள் விஷயத்தைச் சொன்னாள்.

"அப்ப பாதர் செபிக்கமாட்டாரோ?" என்றது ஒரு குரல்.

"செபம் பிறகு கேப்பம். இது பள்ளிக்கூடத்துக்கு."

"பேரைக் குடுத்து ஊருக்கெல்லாம் காட்டச் சொல்லுறீங்களோ? எங்களை ஏமாத்திக் கூப்பிட்டிட்டீங்கள்!" ஒரு தகப்பன் எழுந்தார். அவர் பின்னால் எல்லாரும் எழுந்தார்கள். பிறின்சியும்தான்.

ஆனால் முதலில் போனவர் வாசலில் நின்றுவிட்டார். பின்னால் வந்தவர்களும் நின்றார்கள்.

படியிலிருந்து முற்றத்தைத் தாண்டி மாதா சொரூபம் நிற்கும் கெபிவரைக்கும் செருப்பு வரிசை. முதலில் சின்னச் செருப்புகள், பிறகும் சின்னச் செருப்புகள், அதற்குப் பிறகும் சின்னவையே. பெரியவர்களுடையது முற்றத்தின் பாதிக்குப் பிறகுதான் தொடங்கியது. றொஷேல் கடைசிச் சோடியை நேராக்கிக்கொண்டிருந்தாள். ஒருவருக்கும் அந்த வரிசைக்குள் கால் வைக்க மனம் வரவில்லை.

ஸுஹறா மெதுவாக எண்ணினாள். "யா அல்லாஹ், முப்பத்தேழு பிள்ளையள்ட செருப்பு!" "நான் என்ட மகன் ஒருத்தன்தான் இப்புடி எண்டு இருந்தனே."

அங்கே நின்ற ஒவ்வொருவரும் அப்படித்தான் இருந்தார்கள். அதை இப்போது ஆளுக்காள் முகத்தில் பார்த்துக்கொண்டார்கள். கோபப்பட்ட தகப்பன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, கோயிலுக்குள் நிற்பதுபோல நின்றார்.

பிறின்சிதான் முதலில் திரும்பினாள்.

"எழுதுங்கோ அக்கா. டிலக்சனா. ஏழு வயசு." எல்லாருக்கும் கேட்கத்தான் சொன்னாள். பிறகு குரல் தாழ்ந்தது. "பள்ளிக்கூடமெண்டால் வெள்ளைச் சப்பாத்து வேணுமெல்லோ? இவளுக்கு இன்னும் செருப்புக்கூட வாங்கேல்ல. எங்க போகப்போறாள் எண்டு விட்டிட்டன். கால் என்ன அளவெண்டும் எனக்குத் தெரியாதக்கா."



றொஷேல் எழுந்து வந்து, பிறின்சியின் இடுப்பிலிருந்து தொங்கிய அந்த வெறுங்காலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். அடுக்கிய வரிசையை ஒருநாளும் கலைக்காத பிள்ளை, சின்னச் செருப்புகளின் நடுவிலிருந்து ஒன்றை எடுத்துக்கொண்டு வந்து அந்த உள்ளங்காலோடு சேர்த்துப் பிடித்தாள். அளவு சரியாக இருந்தது.