யுகுலேலேக்குத் தண்ணீர் ஆகாது

பாண்டியராஜன் கொள்ளிச்சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலைத் தாண்டியதுமே உள்ளே வாளிகள் நகரும் சத்தம் கேட்டது. பிணம் படி இறங்கினால் வீட்டைக் கழுவிவிட வேண்டும். கட்டிலடி, அடுப்படி என்று ஒரு மூலை விடாமல் தண்ணீரை அடித்து ஊற்றுவதில் அவருடைய அக்கா சின்னத்தாயை மிஞ்ச விளாங்குடியில் ஆள் கிடையாது.

தெருமுனைக்கு வந்தபோதுதான் அவருக்குச் சுரீரென்றது. மனைவி முத்துமீனாவின் யுகுலேலே கட்டிலுக்கு அடியில் கிடந்தது. நேற்றுச் சாயங்காலம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள் எழவே இல்லை. அவளைக் கிடத்த இடம் ஒதுக்கும் அவசரத்தில் அவரேதான் அதை உள்ளே தள்ளிவிட்டார். அதன் பை துவைத்துக் கொடியில் தொங்கியது.

அங்கன்வாடியில் ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் பாடியவள், ஓய்வுபெற்ற கையோடு ஆசைப்பட்டு வாங்கியது. கித்தாருக்குத் தம்பி மாதிரி இருக்கும், நாலே தந்தி. "நல்லா வச்சுக்கிட்டா அம்பது வருசத்துக்கு மேலயும் வரும்மா, தண்ணிதான் ஆகாது" என்று கடைக்காரர் சொன்னபோது இவர் சும்மா இருந்திருக்கலாம்.

"அம்பது வருசமா? நமக்குப் பெறகு வாசிக்க நம்ம வீட்டுல யாரு இருக்கா?"

சிரிக்கத்தான் சொன்னார். ஆனால் பிள்ளையில்லாதவளிடம் சொன்னார். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியுமா? பஸ்ஸில் அவள் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள். அதன்பிறகு ஒருநாளும் ஈரக் கையோடு அதைத் தொட்டதில்லை. மாத்திரை டப்பாக்களில் வரும் ஈரம் உறிஞ்சும் பொட்டலங்களைச் சேர்த்துப் பைக்குள் போட்டு வைப்பாள். அதுதான் அவள் பதில் என்று இவருக்கு விளங்காமல் இல்லை. மன்னிப்புக் கேட்கத்தான் வாய் வரவில்லை.

அவர் நின்றார். கொட்டும் நின்றது. முத்துமீனாவின் அண்ணன் கண்ணுச்சாமி பதறிப்போய் வந்தார்.

"என்னா மாப்ள நிக்கிறீங்க?"

"உள்ள ஒரு பொருள் கெடக்கு மச்சான். எடுத்துட்டு வாரேன்."

"ஆள விட்டுச் சொல்லச் சொல்றேன்."

"அதுக்குள்ள அக்கா தண்ணிய ஊத்திரும்."

"கொள்ளியத் தூக்கிட்டுத் திரும்பலாமா? வீட்டுல இன்னொரு சாவு விழுகும்."

"விழுகட்டும். இனி அங்க விழுக நா ஒருத்தன்தான இருக்கேன்."

புகையும் சட்டியோடு அவர் திரும்பி வருவதைப் பார்த்துப் பெண்கள் அலறினார்கள். சின்னத்தாய் வாளியோடு வாசலை மறித்தாள்.

"டேய், நெருப்போட படி ஏறாதடா!"

"ஏறல. கட்டிலுக்கு அடியில அவ யுகுலேலே கெடக்குக்கா. ஈரக் கையோட தொட்டுறாத."

இந்த வயதில் பொம்மைக் கித்தாரா என்று ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தவள்தான் சின்னத்தாய். வாளியைக் கீழே வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்தாள், திரும்பவும் துடைத்தாள். உள்ளே போய் எடுத்து வந்தாள்.

"கட்டிலடிதான் பாக்கி, மத்தபடி வீடு பூரா ஈரமாப் போச்சேடா. இத எங்க வைக்க?"

அவர் இடது கையை நீட்டி வாங்கிக்கொண்டார். கண்ணுச்சாமி தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சியோடயே சேத்து எரிச்சிருவமா மாப்ள? அது பிரியப்பட்ட சாமான்."

"இருக்கட்டும் மச்சான்."

கொட்டு மறுபடி ஆரம்பித்தது. யுகுலேலேயைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அவர் நடந்தார். காற்றடித்துச் சட்டியிலிருந்து பொறி பறந்தது. வலது கையை உடம்பைவிட்டு முழுசாக விலக்கி நீட்டி, சட்டியைத் தூரமாகப் பிடித்துக்கொண்டார். சுடுகாடு இன்னும் தள்ளி இருந்தது. கை வலிக்கும், ஒன்றைக் கொடுங்கள் என்று கண்ணுச்சாமி கேட்டுப் பார்த்தார். அவர் கையை மடக்கவே இல்லை.